பெண்ணைப் படிக்க ஒரு பட்டமா?

தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். நூற்பாலையில் இருபதாண்டுக் காலமாகப் பஞ்சுத் தூசியை விழுங்கி உழைப்பவர். சங்கக் கொடி ஏறும் நாளெல்லாம் முன்வரிசையில் நிற்பவர். அவருடைய மகள் பி.ஏ. தேறியிருக்கிறாள், மேற்கொண்டு மகளிரியலில் எம்.ஏ. படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"பொம்பளைங்களைப் பத்திப் படிக்க ஒரு பட்டமாங்க? எங்க வீட்டுல இல்லாத பொம்பளையா? எங்க ஆத்தாகிட்டயும் சம்சாரத்துகிட்டயும் தெரிஞ்சுக்காததையா அங்கே சொல்லிக் கொடுக்கப் போறாங்க? சரி, படிச்சு முடிச்சா அது சோறு போடுமா?"

சுற்றி நின்ற தோழர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியிலே கேலி பாதி, கவலை பாதி. கேலிக்குப் பதில் சொல்வது எளிது. உழைத்துச் சேர்த்த காசை மகளின் படிப்பிலே போடப் போகும் தகப்பனாரின் கவலைக்குப் பதில் சொல்வதோ நமது கடமை. அந்தக் கடமையைச் செய்யவே இன்று இதை எழுதுகிறோம்.

முதலில் தோழரை ஒன்று கேட்கிறோம். தீபாவளி நெருங்குகிறது, போனஸ் பேச்சு வார்த்தைக்குச் சங்கம் போகிறது. போவதற்கு முன் சங்கம் என்ன செய்கிறது? கம்பெனியின் வரவு செலவுக் கணக்கை வாங்கிப் பார்க்கிறது. எத்தனை டன் நூல் விற்றது, எத்தனை லட்சம் இலாபம், எந்தத் தலைப்பிலே எதை மறைத்தான் முதலாளி என்று வரி வரியாகப் படிக்கிறது. "நான் தினமும் இந்த ஆலையில்தானே வேலை செய்கிறேன், ஆலையைப் பற்றி எனக்குத் தெரியாததா, கணக்கு எதற்கு?" என்று எந்தத் தொழிலாளியாவது கேட்பதுண்டா? கேட்க மாட்டார். ஆலைக்குள் இருப்பது வேறு, ஆலையின் கணக்கை அறிவது வேறு என்பதை அனுபவம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

வீட்டிலே பெண் இருக்கிறாள். ஆனால் வீட்டின் கணக்கை யார் பார்த்தார்கள்? நாட்டின் கணக்கிலே அவளுக்கு எந்தப் பத்தியிலே இடம்? இதைப் பார்க்கும் படிப்புக்குத்தான் மகளிரியல் என்று பெயர்.

கண் திறந்த கதை

இந்தப் படிப்பு நம் நாட்டிலே எப்படி வந்தது என்பது, மேல்நாட்டு மோகத்தால் வந்தது என்று பேசுவோர் அறிய வேண்டிய கதை.

1971-ஆம் ஆண்டிலே இந்திய சர்க்கார் பெண்களின் நிலையை ஆராய ஒரு கமிட்டி போட்டது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. அரசியல் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமத்துவம் தந்துவிட்டது. பெண் ஒருவர் பிரதம மந்திரியாகவே அமர்ந்திருந்தார். ஆகவே, "பெண்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று ஒரு நல்ல அறிக்கை வரும் என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள். 1974 டிசம்பரில் முடிந்த அந்த அறிக்கைக்குப் பெயர் 'சமத்துவத்தை நோக்கி'. அது சொன்ன செய்தியோ வேறு.

1901-ஆம் ஆண்டிலே ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971-இல் ஆயிரம் ஆண்களுக்கு 930 பெண்கள்தான் இருந்தார்கள். எழுபது ஆண்டுகளிலே ரயில் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சுயராஜ்யமும் வந்தது. பெண்ணின் எண்ணிக்கை மட்டும் கரைந்துகொண்டே போயிருக்கிறது! பிறந்த பெண் குழந்தைக்குப் பால் குறைந்தது, மருந்து தாமதித்தது, பிரசவத்திலே கவனிப்பு இல்லாமற் போயிற்று. இவையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனித் துயரமாக இருந்தன. கூட்டிப் பார்த்தபோதுதான் தேசத்தின் அவமானமாகத் தெரிந்தன.

அந்தக் கமிட்டியின் செயலாளராக இருந்த வீணா மஜும்தாரும், உறுப்பினராக இருந்த லோதிகா சர்க்காரும் பல்கலைக் கழகத்திலே பாடம் நடத்தியவர்கள். ஒருவர் அரசியல் நூல் வல்லவர், மற்றவர் சட்டப் பேராசிரியை. இத்தனை காலம் படித்தும் படிப்பித்தும் வந்த தங்களுக்கே இந்த உண்மை தெரியாமற் போயிற்றே என்று அவர்கள் அதிர்ந்தார்கள். பல்கலைக் கழகம் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. ஆனால் பாடப் புத்தகத்திலே பெண் இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் இந்நாட்டின் மகளிரியல்.

கார்வே 1916-இல் தொடங்கிய பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக் கழகம் 1974-இல் இதற்கென ஆராய்ச்சிப் பிரிவு கண்டது. 1981-இல் அதே பல்கலைக் கழகத்திலே முதல் தேசிய மகாநாடு கூடியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மகளிரியலைப் பல்கலைக் கழகங்கள் வளர்க்க வேண்டுமென்று எழுதி வைத்தது. அதன் பிறகு பல்கலைக் கழக மானியக் குழுவின் உதவியோடு ஊருக்கு ஊர் மையங்கள் வந்தன. நம் தமிழ்நாட்டிலே கொடைக்கானலில் 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகம் எழுந்தது. காரைக்குடி அழகப்பாவிலும் திருச்சி பாரதிதாசனிலும் மகளிரியலுக்குத் தனித் துறைகள் உண்டு.

"சும்மா இருக்கிறாள்"

சரி, அந்தத் துறைகளிலே என்ன செய்கிறார்கள்? ஓர் உதாரணம் சொல்கிறோம்.

குடிக்கணக்கு எடுக்க அதிகாரி வருகிறார். திண்ணையில் இருக்கும் கணவனைக் கேட்கிறார்: "உமக்கு என்ன வேலை?" "விவசாயம்." "சம்சாரத்துக்கு?" "அவ வீட்டுல சும்மா இருக்கா." அந்த நேரத்திலே அந்த அம்மாள் எங்கே? விடியலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, கஞ்சி காய்ச்சி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வயலில் குனிந்து களை பறித்துக்கொண்டிருக்கிறார். அதிகாரியின் தாளிலே மட்டும் 'வேலை இல்லை' என்று பதிவாகிறது. இப்படிக் கோடிக்கணக்கான பெண்களின் உழைப்பு, தேசத்தின் ஏட்டிலே ஏறாமல் போயிற்று. மகளிரியலாரும் பெண்கள் இயக்கங்களும் விடாமல் வாதாடியதன் பலனாக, 1991-ஆம் ஆண்டின் குடிக்கணக்கிலே அந்தக் கேள்வி மாற்றப்பட்டது. 'பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் உட்பட' என்று கேட்க வேண்டும் என்றாயிற்று. ஒரு வரிதான் மாறியது. அந்த ஒரு வரியிலே எத்தனை தாய்மாரின் வியர்வை கணக்கில் ஏறியது என்று எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு கணக்கும் உண்டு. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய சர்க்காரே 2024-இல் எடுத்த கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆணோ 88 நிமிடம். 'ஈடுபடும் ஆண்' என்று சொன்னோம், கவனிக்க வேண்டும். 2019-இல் எடுத்த கணக்கின்படி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர்.

289 நிமிடத்தை ஏழால் பெருக்குங்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 34 மணி நேரம். பிள்ளையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதிலே சேரவில்லை. வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்காதே என்று ஆலையிலே நாம் போராடினோம்; சட்டம் கொண்டு வந்தோம்; ஓவர்டைம் வாங்கினோம். இந்த 34 மணிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஓவர்டைம் உண்டா? மருத்துவ விடுப்பு உண்டா? சங்கம்தான் உண்டா?

தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பிலே, அவன் துணியைத் துவைத்து, சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவளின் உழைப்பும் கலந்திருக்கிறது. முதலாளி ஒருவருக்குக் கூலி கொடுத்து இருவர் உழைப்பைப் பெறுகிறான். இது தொழிலாளி இயக்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமா?

சட்டத்தை அசைத்த கடிதம்

இன்னொரு செய்தி. 1972-இல் மகாராஷ்டிரத்திலே ஒரு பழங்குடிச் சிறுமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வைத்துக் கெடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978-இல் இரு போலீஸ்காரர்களும் விடுதலையானார்கள். காரணம்? பெண்ணின் உடலிலே காயம் இல்லை. அவள் எதிர்த்ததாகத் தெரியவில்லை! காக்கிச் சட்டையின் பிடியிலே சிக்கிய ஏழைச் சிறுமி எப்படி எதிர்ப்பாள் என்று சட்டப் புத்தகம் கேட்கவில்லை.

1979-இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் கேட்டார்கள். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்து போவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதை அந்தக் கடிதம் எடுத்துக் காட்டிற்று. நாடெங்கும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் இருக்கும் பெண், தான் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், அதையே மெய்யெனக் கொண்டு நீதிமன்றம் தொடங்க வேண்டும் என்று ஆயிற்று. வகுப்பறையிலே கற்ற பார்வை, வீதியிலே வளர்ந்த போராட்டம் இரண்டும் கைகோத்ததால் வந்த வெற்றி இது. இனி அந்தத் தோழர் சொல்லட்டும், இந்தப் படிப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காயா?

நம் வீட்டு வாசலில்

தமிழ் மண்ணுக்கு இது அந்நியச் சரக்கும் அன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்குப் பட்டம் கிடையாது; ஆனால் தேவதாசி முறையின் உள்ளும் புறமும் அறிந்து, 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலாகவே எழுதி வைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே அதே கொடுமையை எதிர்த்து வாதாடினார். 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மகாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டிலே இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். இடையிலே அறுபது ஆண்டுகள்! அப்போதும் அந்தத் தேதிக்கு முன் மணமாகிவிட்ட மகளுக்குப் பங்கு இல்லை என்றார்கள். 2005-இல் மத்திய சட்டம் வந்துதான் அந்தக் குறை நீங்கியது.

சட்டம் வந்தது, சொத்து வந்ததா? அண்ணன் தம்பி மனம் நோகுமே என்று 'விடுதலைப் பத்திரத்தில்' கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுப் புடவையோடு திரும்பும் சகோதரிகளை நாம் அறியோமா? பத்திரத்தின் பெயரைப் பாருங்கள்: விடுதலை! யாருக்கு விடுதலை? எத்தனை ஊரில், எத்தனை பேர், எந்த நெருக்குதலால் கையெழுத்திட்டார்கள் என்று ரிஜிஸ்தர் ஆபீஸ் ஏடுகளைப் புரட்டி, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டாமா? அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டாமா? தோழரின் மகள் அந்தப் பயிற்சிக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

சங்கத்திலே இருக்கும் நாமும் கொஞ்சம் நம்மைப் பார்த்துக்கொள்வோம். 2015 செப்டம்பரிலே மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள், ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். 20 சதவிகித போனஸ் கேட்டார்கள்; வென்றார்கள். முதலாளிக்குப் பாடம் கற்பித்தது மட்டுமா? தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே வராதே என்று விரட்டினார்கள். கொழுந்து பறிப்பவள் பெண்; மேடையில் அமர்பவன் ஆண் என்ற ஏற்பாடு அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கும் கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஓர் ஆசனம் என்ற கோரிக்கையும், கோழிக்கோட்டுக் கடைகளில் பணி புரிந்த பெண்கள் எழுப்பியதுதான். கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் அதைச் சட்டமாக்கின. நமது கோரிக்கைப் பட்டியல்களிலே அந்த நாற்காலி ஏன் இத்தனை காலம் இடம் பெறவில்லை? இதைக் கேட்கத் துணியாத சங்கம், தன் பாதிப் பலத்தை இழந்த சங்கம்.

ஆண்களைத் தூற்றும் படிப்பு என்று சிலர் பயப்படுகிறார்கள். இப்போது பல இடங்களில் 'பாலினவியல்' என்றே பெயர் வைக்கிறார்கள். ஆணும் அதிலே பாடம்தான். 'ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது' என்று வளர்த்து, கடனும் கவலையும் வந்தபோது வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் சாராயக் கடையிலே போய் விழ வைப்பது எது? அதையும் அந்தப் படிப்பு கேட்கிறது. குடும்பமும் ஊரும் துரத்திய திருநங்கையரின் நிலையையும் கேட்கிறது. 2014-இலே உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சட்டப்படியான அங்கீகாரம் தந்தது; அங்கீகாரம் தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும் அந்தத் துறையின் வேலை.

கத்தி தொங்குகிறது

இத்தகைய படிப்பை அதிகாரத்தில் இருப்போர் விரும்புவார்களா? ஐரோப்பாவிலே ஹங்கேரி என்றொரு நாடு. 2018 அக்டோபரிலே அந்நாட்டு சர்க்கார் ஓர் உத்தரவினால் பாலினவியல் எம்.ஏ. பட்டத்தை அங்கீகாரப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. இரண்டே பல்கலைக் கழகங்களில் இருந்த படிப்பு அது; மாணவரும் சொற்பம். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: வேலைச் சந்தையிலே இதற்குத் தேவை இல்லையாம்! சந்தைக்கு எப்போதுதான் நியாயம் தேவைப்பட்டது? முதலாளியின் சந்தையிலே சங்கச் செயலாளருக்குத் தேவை உண்டா? வேலை நேரத்தை எண்ணுகிறவனுக்குத் தேவை உண்டா?

நம் நாட்டிலே உத்தரவு போட்டுத் தடுக்கவில்லை. ஆனால் 2017 மார்ச்சில் 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, அந்தத் திட்ட மானியத்தை நம்பியிருந்த மகளிரியல் மையங்களின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. நிரந்தரப் பதவி இல்லாத ஆசிரியரும், அடுத்த ஆண்டுக்கு மானியம் வருமா என்று ஏங்கும் துறையும் எப்படி நிமிர்ந்து ஆராய்ச்சி செய்யும்? தற்காலிகத் தொழிலாளியின் துயரம் நமக்குத் தெரியும். பாடத்தைத் தடை செய்யாமலே பட்டினி போட்டுக் கொல்லலாம்.

துறையினரிடமும் நமக்குக் குறை உண்டு. அவர்கள் எழுதுவதில் பெரும் பகுதி, எவரைப் பற்றி எழுதினார்களோ அவர்களுக்கே புரியாத நடையில் இருக்கிறது. பீடி சுற்றும் பெண்ணைப் பற்றிய ஆராய்ச்சி, பீடி சுற்றும் பெண் படித்து, "ஆமாம், இதுதான் என் கதை" என்று சொல்லும் தமிழிலே வர வேண்டும். மகாநாட்டு மண்டபத்திலிருந்து கீழே இறங்கி, தீப்பெட்டி ஆபீசுக்கும் செங்கல் சூளைக்கும் வர வேண்டும். வந்தால் வரவேற்க நாம் இருக்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மகளிரியல் துறைகளுக்கு நிரந்தர ஆசிரியர்களும் நிரந்தர நிதியும் வேண்டும். நல்ல தமிழ்ப் பாட நூல்கள் வேண்டும். சட்டம், மருத்துவம், என்ஜினியரிங் எது படித்தாலும், ஆண் பெண் யாராயினும், இதிலே ஒரு தாளாவது எழுத வேண்டும். நாளைய நீதிபதியும் டாக்டரும் மானேஜரும் அங்கிருந்துதானே வரப் போகிறார்கள்!

இனி, தோழரின் கடைசிக் கேள்வி: சோறு போடுமா? பொய் சொல்ல மாட்டோம். பட்டம் வாங்கிய மறுநாள் உத்தியோகம் வாசலில் வந்து நிற்காது. வேறு எந்த எம்.ஏ.வுக்கு நிற்கிறது? ஆனால் வழி இல்லாமலும் இல்லை. 'நெட்' தேர்விலே இது ஒரு பாடம். தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு மனுப் போடலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் பாலியல் தொல்லையை விசாரிக்கும் கமிட்டி வேண்டும்; விஷயம் தெரிந்தவர்கள் அதற்குத் தேவை. மகளிர் மேம்பாட்டுக் கழகம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி மையங்கள், சுய உதவிக் குழுக்கள் என்று களம் பரந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் சங்கங்களுக்கே அப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டும்.

தோழரே! மகளைப் படிக்க அனுப்புங்கள். அனுப்பும் முன்பு இன்றிரவு வீட்டிலே ஒரு காரியம் செய்யுங்கள். ஷிப்டு முடிந்து போய்க் கை கால் கழுவியதும், நாளை ஒரு நாள் உங்கள் சம்சாரம் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார், நடுவிலே எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்று ஒரு தாளில் எழுதிவரும்படி மகளிடம் சொல்லுங்கள். அந்தத் தாளைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். போனஸ் கணக்கைப் படிப்பது போல வரி வரியாக எல்லாரும் படிப்போம்.

படித்து முடித்த பிறகு, சிரித்தவர்கள் மறுபடி சிரிக்கிறார்களா, பார்ப்போம்.